திணறும் நாவுக்கு இரட்டைக் கூலி

மஃரிபுக்குப் பின் பிள்ளைகளிடம் பாடம் கேட்கிறோம். மூத்தவன் இரண்டு முறை ஓதியதை அப்படியே மனனமாகச் சொல்லிவிடுகிறான். இளையவனோ அதே சூராவில் பத்து நாளாகத் தடுமாறுகிறான். "இவன் மண்டையில் எதுவும் ஏறாது" என்று வாப்பா கூற, உம்மாவும் ஆமோதிக்கிறார். ஒரு சிறுவனைப் பற்றி இவ்விதம் தீர்ப்புக் கூற நமக்கு உரிமை உண்டா?

திருமறையைத் திணறித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் உள்ளது. இறைவன் இரட்டைக் கூலி வழங்கும் நாவை நாம் பரிகசிக்கலாமா?

ஸஹாபாப் பெருமக்களும் ஒரே வழியில் கற்றவர்கள் அல்லர். அபூஹுரைரா (ரலி) அவர்கள் கேட்டதை நெஞ்சில் காத்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களோ எழுதி வைத்தார்கள். இந்த வேற்றுமையைச் சொன்னவர் அபூஹுரைரா அவர்களேதாம். பெருமானாரும் (ஸல்) விளங்கும் பொருட்டு ஒரு சொல்லை மும்முறை கூறுவார்கள். மனிதனின் ஆசையையும் அவனைச் சூழ்ந்த மரணத்தையும் கோடுகள் வரைந்து காட்டினார்கள்.

அப்படியானால், "என் மகன் காதால் கற்பவன், அவனுக்கு எழுத்து வேண்டாம்" என்று முத்திரை குத்திவிடலாமா? அதுவும் தவறே. இத்தகைய பிரிவினைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளநூல் அறிஞர் நால்வர் 2008-ல் ஆராய்ந்து கூறினர். நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதும், நாள் இடைவெளி விட்டுத் திரும்ப ஓதுவதும் எல்லோருக்கும் பயன் தருபவை. பழைய பாடத்தை ஓதிக் காட்டச் சொல்லும் நம் ஹிப்ழு மதரஸாக்களின் வழக்கமும் இதுவன்றோ!

ஆகவே பிள்ளையே தன் வழியைத் தேடிக் காணட்டும். ஒரு வாரம் சுப்ஹுக்குப் பின் ஓதட்டும். மறு வாரம் இஷாவுக்குப் பின். நீண்ட ஆயத்தைத் துண்டாக்கி ஓதட்டும், பலகையில் எழுதட்டும், தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மூன்று நாள் கழித்துக் கேளுங்கள். எது எளிதாக இருந்தது என்பதல்ல, எது நெஞ்சில் நின்றது என்பதே அளவுகோல். அதை அவன் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். பிள்ளை மாடல்லவே! கண்டிப்பு மிகுந்தால் மாணவன் பொய்யையும் வஞ்சகத்தையும் பழகுவான் என்று 1377-ல் தாம் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் எச்சரித்தார். பிரம்புக்கு அஞ்சி ஓதியவன் பிரம்பு போனதும் ஓதலையும் விட்டுவிடுவான். தன் வழியைத் தானே கண்டவன் முதுமையிலும் ஓதுவான்.

பிள்ளை நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவன் அறிவைக் குறைத்துப் பேசுவது அந்த அமானிதத்துக்குச் செய்யும் மோசமாகும். பொறுமையுடன் கற்பிக்க வல்ல நாயன் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.