முடியுரிமையும் குடியுரிமையும்

அரியணைக்கு உரியவன் எவன் என்னும் வினா வரலாற்றிற் பலமுறை எழுப்பப்பட்டிருக்கின்றது. அவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியில் அழிந்த உயிர்களுக்குப் பொறுப்புக் கூற வேண்டியவன் எவன் என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்பட்டதில்லை. முன்னது சட்டத்தின்பாற்பட்டது, பின்னது அறத்தின்பாற்பட்டது. முன்னதற்கு விடைகூறக் குலமுறைப் பட்டியல் ஒன்று போதும். பின்னதற்கு அது போதாது. உரிமை உடையவன் ஒருவன், அதனை அடைவதற்காகப் பிறருக்குரியவற்றைச் செலவிடலாமா என்பதே அறநோக்கில் ஆராயத்தக்கது.

கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியிற் குருகொட ஓயாவை அடுத்து அமைந்துள்ளது ருவான்வெல்லை. இன்று இறப்பர்த் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடுவே உள்ள சிறிய நகரம் அது. பிரித்தானியர் 1817ஆம் ஆண்டளவில் அமைத்த கோட்டையின் எச்சம் அங்கு காணப்படுகின்றது. அதற்கும் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் இப்பிரதேசம் மூன்று கோறளை என்னும் பெயரோடு சீதாவாக்கை இராச்சியத்திற்கு உட்பட்டிருந்தது. அவ்விராச்சியத்தின் தலைநகராகிய சீதாவாக்கை, இன்றைய அவிசாவளை, இங்கிருந்து தொலைவில் இல்லை. மலைநாட்டுக்கும் கரைநாட்டுக்கும் இடையே படை நடத்தியோர் யாவரும் இந்நிலப்பகுதியைக் கருத்திற் கொள்ளாது இருந்திலர். ஆகவே, ஓர் அரச குடும்பத்தின் உட்பகை குடிமக்களின் வாழ்வில் என்ன செய்யும் என்பதை ஆராய்வோருக்கு இதனினும் பொருத்தமான நிலம் கிடைப்பது அரிது.

அப்பகை 1521ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கோட்டை இராச்சியத்தை ஆண்ட விஜயபாகு மன்னன், மூத்த புதல்வர் மூவரையும் விலக்கிப் பிறிதோர் இளவரசனுக்கு முடிசூட்ட எண்ணினான் என்று ‘இராசாவலிய’ என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறுகின்றது. புதல்வர் மூவரும் கண்டி மன்னனின் படைத்துணையோடு திரும்பினர். தந்தை கொல்லப்பட்டான், அரண்மனைக் கருவூலம் சூறையாடப்பட்டது. சிங்கள மக்கள் இந்நிகழ்ச்சியை ‘விஜயபா கொல்லய’ என்பர். கொல்லய என்னும் சொல்லிலே தமிழின் கொள்ளை என்னும் சொல்லைக் காண்பது எளிது. ஓர் அரசன் கொலையுண்டதை மக்கள் நினைவு கொலை என்று குறிக்காமற் கொள்ளை என்றே குறித்து வைத்திருப்பது சிந்தித்தற்குரியது.

நாடு மூன்றாயிற்று. மூத்தவனாகிய புவனேகபாகு கோட்டையிலும், மாயாதுன்னை சீதாவாக்கையிலும், மூன்றாமவன் இறைகமையிலும் ஆட்சி புரிந்தனர். 1538இல் இறைகம இளவரசன் இறந்ததும் அவனது பங்கினை மாயாதுன்னை தனதாக்கிக் கொண்டான். எஞ்சியது கோட்டை. புவனேகபாகுவுக்கு ஆண் மகவு இல்லை. தன் மகளின் புதல்வனாகிய தர்மபாலனே தனக்குப் பின் அரசாள வேண்டும் என்று அவன் விரும்பினான். அண்ணனுக்குப் பின் தம்பியே உரியவன் என்றான் மாயாதுன்னை. மகள்வழி வந்த பேரனா, உடன்பிறந்த தம்பியா? இதுவே அரை நூற்றாண்டுப் போரின் சட்டப் பிரச்சினை.

இதே பிரச்சினை ஆறு தசாப்தங்களுக்கு முன்னர் இங்கிலாந்திலும் எழுந்திருந்தது. மூன்றாம் எட்வேர்ட் மன்னனின் வழித்தோன்றல்களாகிய லங்காஸ்ரர் குடும்பமும் யோர்க் குடும்பமும் ஒரே அரியணைக்கு உரிமை கோரின. லங்காஸ்ரர் குடும்பம் எட்வேர்டின் புதல்வருள் இளையவனான ஜோனின் ஆண்வழியில் வந்தது. யோர்க் கோமகன் றிச்சார்ட், அந்த ஜோனுக்கு மூத்தவனான லயனலின் மகள்வழியிலே தன் தாய் வந்தவள் என்று காட்டினான். 1460இல் அவன் தன் கோரிக்கையைப் பாராளுமன்றத்தின் முன் வைத்தபோது, ஆறாம் ஹென்றிக்குத் தாம் செய்துகொடுத்த சத்தியத்தைப் பிரபுக்கள் எடுத்துக் காட்டினர். இறைவன் வகுத்த உரிமையை மனிதர் செய்த சத்தியம் தடுக்காது என்பது றிச்சார்டின் மறுமொழி. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: ஹென்றி உயிரோடு இருக்கும் வரை அரசன், அவனுக்குப் பின் யோர்க் குடும்பம். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே றிச்சார்ட் வேக்ஃபீல்ட் போர்க்களத்தில் மாண்டான். 1461இல் அவன் மகன் நான்காம் எட்வேர்ட் அரசனானான்.

பரம்பரைக் கணக்கில் யோர்க் குடும்பத்தின் வாதம் வலிமையற்றதன்று. எனினும் அவ்வாதத்தின் வழியே நடந்தது யாது? எட்வேர்ட் தன் உடன்பிறந்தானாகிய கிளாரன்ஸ் கோமகனுக்கு 1478இல் மரணதண்டனை விதித்தான். எட்வேர்ட் இறந்தபின், 1483இல், அவனுடைய இளம் புதல்வர் இருவரையும் விலக்கி அவர்களின் சிறிய தந்தையே மூன்றாம் றிச்சார்டாக முடிசூடினான். இலண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்ட அச்சிறுவர் பின்னர்க் காணப்படவில்லை. 1485இல் போஸ்வேர்த் களத்தில் றிச்சார்டும் வீழ்ந்தான். முடி தியூடர் குடும்பத்திற்குச் சென்றது. மூத்தோன் வழிக்கே முடி உரியது என்று போர் தொடுத்த குடும்பம், தன் மூத்தோனின் மைந்தருக்கே அவ்வுரிமையை மறுத்தது.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். குடும்பத்துக்குள் எழும் வழக்கு குடும்பத்துக்குள்ளே தீர்வதில்லை. வழக்காடுவோர் இருவரும் துணை தேடுவர். துணைக்கு விலை உண்டு. அவ்விலை அவர்களுடைய சொந்தப் பொருளிலிருந்து கொடுக்கப்படுவதில்லை. லங்காஸ்ரர் குடும்பத்தின் அரசியாகிய மார்கரெட், ஸ்கொத்லாந்தின் துணைக்காக 1461இல் பேர்விக் நகரத்தை அந்நாட்டுக்குக் கொடுத்தாள். பேர்விக்கின் மக்களை எவரும் கேட்கவில்லை. இலங்கையிற் புவனேகபாகு போர்த்துக்கேயரை நாடினான். பேரனின் உருவச்சிலை ஒன்றை லிஸ்பனுக்கு அனுப்பி, அந்நாட்டு மன்னனின் கையால் அதற்கு முடிசூட்டுவித்தான். மாயாதுன்னை கோழிக்கோட்டுச் சாமூதிரியின் துணையை நாடினான். 1539இற் போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்ய நேர்ந்தபோது, தனக்குத் துணையாக வந்த மரைக்காயர் தலைவர்களின் தலைகளையே அவன் விலையாக அளித்தான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதுவர். 1551இற் புவனேகபாகு போர்த்துக்கேயன் ஒருவனின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். அவ்வாண்டிலேயே கோட்டைக்கு வந்த போர்த்துக்கேயப் பிரதிநிதி நொறோஞ்ஞா, அரண்மனையைச் சூறையாடினான். முப்பது ஆண்டுகளுக்குள் அதே கருவூலத்துக்கு இரண்டாவது கொள்ளை. இம்முறையும் துணைவந்தோரின் கையாலேயே.

மாயாதுன்னை மீது இவ்வாறு குற்றம் சாட்டுவது முறையா என்று வினவுவோர் உளர். அந்நியரை எதிர்த்து நின்றவன் அவன். அவனுடைய மகன் முதலாம் இராசசிங்கன் முல்லேரியாவிலே போர்த்துக்கேயரை முறியடித்தான். 1587இற் கொழும்பை முற்றுகையிட்டான். இவை மறுக்கற்பாலன அல்ல. ஆயினும் நாட்டைக் காப்பதற்கான போரும் முடியைப் பெறுவதற்கான போரும் ஒரே படையாலும் ஒரே கொடியின் கீழும் நிகழும்போது அவற்றைப் பிரித்தறிதல் அரிது. பிரித்தறியாது விடுதல் அதனினும் தீது. சகோதரப் பகை இல்லாதிருந்தால் அந்நியன் கடற்கரையோடு நின்றிருக்கவும் கூடும் என்னும் எண்ணத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எதிர்த்து நின்ற பெருமையிற் பங்கு உடையவனுக்கு, எதிரி உள்ளே வருவதற்குக் காரணமான பகையிலும் பங்கு உண்டு.

இனி, தர்மபாலனின் நிலை. ஆதரவற்ற இளமையில் அரசனாகி, 1557இற் கத்தோலிக்க சமயம் தழுவி, 1565இற் கோட்டையைக் கைவிட்டுக் கொழும்பிலே போர்த்துக்கேயரின் காவலில் வாழ்ந்தவன் அவன். 1580ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவன் ஓர் உறுதிப்பத்திரத்தில் ஒப்பமிட்டான். அதன்படி அவனுக்குப் பின் அவனது இராச்சியம் முழுவதும் போர்த்துக்கல் மன்னனுக்கு உரியதாகும். 1597இல் அவன் இறந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையில் 1593இல் இராசசிங்கன் இறக்கவே, சீதாவாக்கையும் நிலைகுலைந்து வீழ்ந்திருந்தது. போட்டியிட்ட இரு கிளைகளும் பட்டன. மரம் மூன்றாமவனுக்கு உரியதாயிற்று.

அப்பத்திரத்தைக் கண்டித்தல் எளிது. ஆனால் அதனைக் கண்டிக்கும் தகுதி அக்குடும்பத்தினருள் எவருக்கு இருந்தது? நாடு என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் உடைமை என்னும் கொள்கையை மூன்று புதல்வரும் ஏற்றிருந்தனர். ஏற்றதனாலேயே வயலைப் பங்கிடுவதுபோல நாட்டைப் பங்கிட்டனர். உடைமையெனின், பங்கிடலாம், பங்கிடலாமெனின், ஈடு வைக்கலாம், ஈடு வைக்கலாமெனின், நன்கொடையாகவும் எழுதிக் கொடுக்கலாம். 1580ஆம் ஆண்டின் உறுதிப்பத்திரம் 1521ஆம் ஆண்டின் பாகப்பிரிவினையிலிருந்து முறையாக வந்த முடிவேயன்றி வேறன்று. முடிவு ஏற்கத்தகாதது எனத் தோன்றுமாயின், பிழை முதற்கூற்றிலே உள்ளது. நிலமும் அதன் குடிகளும் எவருடைய முதுசொமும் அல்ல.

பரம்பரை அரசுரிமைக்கு நியாயமே இல்லையா? உண்டு. ஓர் அரசன் இறக்குந்தோறும் வாள் ஏந்தியோர் யாவரும் அரியணைக்குப் போட்டியிடாதவாறு, அடுத்தவன் இவன் என முன்னரே உறுதி செய்வது அது. அதாவது, அதன் நியாயம் பொது அமைதி. அவ்வாறாயின், பொது அமைதியைக் குலைத்து நிலைநாட்டப்படும் பரம்பரை உரிமை, தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டுகின்றது. 1399இல் லங்காஸ்ரர் குடும்பம் முடியைக் கவர்ந்தது குற்றமே. 1460இல் அக்குற்றத்துக்கு வயது அறுபத்தொன்று. காலம் குற்றத்தைக் கழுவிவிடுமா எனின், கழுவாது. ஆனால் அக்காலத்தினுள் பிறந்து, உழுது, மணந்து, மக்களைப் பெற்றோர்க்கு வேறோர் உரிமை பிறந்துவிடுகின்றது. அது கவர்ந்தவனின் உரிமையன்று. கவர்ந்தவனுக்கும் இழந்தவனுக்கும் இடையில் வாழ்வோர் தம் வாழ்வு சிதையாதிருக்கக் கோரும் உரிமை.

பண்டைத் தமிழ்ப் புலவர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரிற் பொருதபோது, கோவூர்கிழார் இருவருள் எவருடைய உரிமை பெரிது என்று ஆராயப் புகவில்லை; இருவரும் ஒரே சோழர் குடியினர் என்பதை நினைவூட்டினார். கோப்பெருஞ்சோழன் தன் புதல்வர் இருவர்மீது போருக்கு எழுந்தபோது, வென்றபின் நாட்டை எவருக்கு விட்டுச் செல்வாய் என்னும் கருத்துப்பட வினவித் தடுத்தார் புல்லாற்றூர் எயிற்றியனார். சோழன் வாளை வைத்தான். வடக்கிருந்து உயிர் நீத்தான். விஜயபாகுவின் கோட்டையிலும் தந்தைக்கும் புதல்வருக்கும் இடையே பகை மூண்டது. அங்கே அவ்வினாவை எழுப்ப ஒரு புலவர் இருந்திலர். இருந்திருப்பின் செவிமடுக்க ஒரு சோழன் இருந்திருப்பானா என்பதும் ஐயமே.

இவையெல்லாம் முடிமன்னர் காலத்துக் கதைகள் என்று ஒதுக்கிவிடலாகாது. முடி மறைந்த பின்னரும் அக்கொள்கை மறையவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், ஒருவன் இந்நாட்டிலே பிறந்திருத்தல் மட்டும் போதாது என்றது. தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்தமையை நிறுவ வேண்டும் என்றது. யோர்க் கோமகன் அரியணைக்காகக் காட்டிய குலமுறைப் பட்டியலை, ருவான்வெல்லையைச் சூழ்ந்த தோட்டங்களில் இறப்பர்ப் பால் எடுத்தவன் தன் வாக்குக்காகக் காட்ட வேண்டியதாயிற்று. கோமகனிடம் பட்டியல் இருந்தது. லயத்துக் காம்பராவில் இருந்தவனிடம் பெரும்பாலும் அது இருக்கவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும், 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் என்றும் பிரிக்கப்பட்டனர். 1974இல் அவ்வெஞ்சிய தொகையும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. 1580ஆம் ஆண்டின் பத்திரத்திலே குடிகளின் ஒப்பம் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திலும் இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோருக்குக் குடியுரிமையை வழங்கி அவ்வழக்கை முடித்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் என்பது ஒரு மனிதனின் உழைக்கும் காலம் முழுவதும் ஆகும்.

உரிமையை அளக்க உலகம் இரு அளவுகோல்களை அறியும். எவன் வயிற்றிற் பிறந்தாய் என்பது ஒன்று. எம்மண்ணில் எதனைச் செய்தாய், எவரோடு வாழ்ந்தாய் என்பது மற்றொன்று. முதலாவதைக் கொண்டு அளந்தமையாலேயே ஒரு குடும்பம் ஒரு நாட்டைப் பங்கிட்டது, இழந்தது. அதே அளவுகோல் பின்னர் ஒரு மக்கட் கூட்டத்தை நாடற்றோர் ஆக்கியது. மாயாதுன்னைக்காகவும் இராசசிங்கனுக்காகவும் மூன்று கோறளையிலிருந்து சென்று மீளாதோரின் பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. அவர்களின் வீடுகளில் எவர் அடுத்த அரசன் என்னும் வினாவைவிட, விதைப்புக் காலத்துக்குள் மகன் திரும்புவானா என்னும் வினாவே பெரிதாக இருந்திருக்கும். அரசுரிமை பற்றிய எந்த வழக்கிலும் முதலிற் கேட்கப்பட வேண்டிய சாட்சி அந்த வீட்டில் இருந்தவரே.