தரப்படுத்தப்படாதவர்கள்

எவரும் எதிர்பாராத ஒருவர் ஓர் ஆட்டத்தில் வென்றுவிட்டால், அந்த வெற்றியில் அவரது பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? விளையாட்டு ரசிகர்களின் வெட்டிக்கதை போலத் தோன்றும் கேள்வி. அகதிகளாய் வந்து கோப்பை கழுவுகிற எங்களுக்கு இது வயிற்றோடும் விசாவோடும் சம்பந்தப்பட்டது.

கெல்சென்கிர்ச்சன் உதைபந்தாட்டத்தில் மூச்சுவிடும் நகரம். ஆனாலும் ஜூன் கடைசியில் விம்பிள்டன் தொடங்கிவிட்டால் எங்கள் குசினியில் ரெனிஸ்தான். மாக்குழைக்கும் மேசையில் யாராவது ஒருவரின் கைத்தொலைபேசி சாய்ந்திருக்கும். கிண்ணம் யாருக்கு, எந்தப் பெரிய தலை முதல் வாரத்திலேயே உருளும் என்று பந்தயம் நடக்கும். எண்பதுகளில் வந்த அண்ணை ஒருவர் எங்களோடு வேலை செய்கிறார். "பெயருள்ளவன்தான் வெல்லுவான், மற்றதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்" என்பது அவரது கட்சி. 2024 ஜூன் 26இல் இதே நகரத்து மைதானத்தில் ஜோர்ஜியா போர்த்துக்கலை இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றபோதும், "போர்த்துக்கல் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போயிட்டுது, பாதிப்பேரை மாத்தி இறக்கினவங்கள்" என்று சொல்லி முடித்துவிட்டார். இளையவர்கள் எப்போதும் பெயரில்லாதவன் பக்கம்.

முதலில் எதிர்பாராதது என்றால் என்ன என்று பார்ப்போம். விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டத்தில் 128 பேர் ஆடுகிறார்கள். அவர்களில் 32 பேரைத் தரப்படுத்தி, மூன்றாம் சுற்றுவரை ஒருவரையொருவர் சந்திக்காதபடி அட்டவணையில் பிரித்து வைக்கிறார்கள். 2001க்கு முன் 16 பேரைத்தான் தரப்படுத்தினார்கள். 1985இல் 17 வயதுப் போரிஸ் பெக்கர் கெவின் கரனை வென்றபோது, தரப்படுத்தப்படாத ஒருவர் விம்பிள்டனை வென்றது அதுவே முதற்தடவை என்று உலகம் வாய்பிளந்தது. அப்போது அவர் உலகத் தரவரிசையில் 20ஆம் இடத்தில் இருந்தார். கோட்டை 16இல் கீறியதால் அவர் அதிசயம் ஆனார். இன்றுபோல 32இல் கீறியிருந்தால் அவரும் பட்டியலில் ஒரு பெயர்தான். பையன் அதே பையன், அவன் அடித்த பந்தும் அதே பந்து.

தரப்படுத்தல் என்ற சொல் எங்கள் காதில் வேறுவிதமாகவும் விழும். 1970களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதிக்கு அந்தப் பெயரில் ஒரு கோடு வந்தது. தமிழில் பரீட்சை எழுதிய பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி வேண்டும் என்றார்கள். முதல் வருடம் உள்ளே போயிருக்கக்கூடிய பிள்ளை அடுத்த வருடம் வெளியே நின்றது. பிள்ளையின் மூளை ஒரு வருடத்தில் குறைந்துபோகவில்லை.

ஆகவே அதிசயத்தில் ஒரு பகுதி பார்ப்பவரின் அறியாமை. பெக்கர் அந்த வருடம் விம்பிள்டனுக்கு முன்னரே லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியை வென்றிருந்தார். கவனித்தவர்களுக்கு அவர் புதியவரல்ல. 1989 அவுஸ்திரேலியப் போட்டியின் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல் ஆட்டக்காரராகவும் முந்திய வருடச் சம்பியனாகவும் இருந்த மற்ஸ் விலாண்டரைச் சென்னை ரமேஷ் கிருஷ்ணன் நேர் செற்களில் தோற்கடித்தார். செய்தியாய்ப் படித்தவர்களுக்கு ஆச்சரியம். ஆனால் அவர் 1979இலேயே விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்றவர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை வந்த ராமநாதன் கிருஷ்ணனின் மகன். மெதுவாக சேர்வ் போடுகிறவரிடம் இவ்வளவு ஆட்டமா என்று வியந்தவர்கள் வேகத்தை மட்டும் அளந்தவர்கள்.

இந்த ஆச்சரியத்தை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். கோப்பை கழுவுகிறவன் கணிதம் படித்தவன் என்று தெரிந்தால் வாடிக்கையாளரின் புருவம் உயரும். அவர் அதைப் பாராட்டு என்றே நினைக்கிறார். எங்களுக்கு அது பாராட்டாகப் படுவதில்லை.

ஆனால் அண்ணையின் கட்சியிலும் உண்மை உண்டு. அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தகுதிகாண் சுற்றில் தோற்ற ஒருவரை, யாரோ காயப்பட்டு விலகியதால் பிரதான ஆட்டத்துக்குள் எடுப்பார்கள். ஆங்கிலத்தில் அவருக்கு 'லக்கி லூசர்' என்று பெயர், அதாவது அதிர்ஷ்டமுள்ள தோல்வியாளர். 1995 விம்பிள்டனில் பெல்ஜியத்து டிக் நோர்மன் அப்படித்தான் உள்ளே வந்தார். வந்தவர் பற் காஷை வென்றார், எட்பேர்க்கை வென்றார், வூட்பிரிட்ஜையும் வென்று நாலாம் சுற்றில் பெக்கரிடம் தோற்றார். முன்னாள் விம்பிள்டன் சம்பியன்களான காஷையும் எட்பேர்க்கையும் குருட்டு அதிர்ஷ்டத்தால் வெல்ல முடியாது. கதவைத் திறந்தது இன்னொருவரின் துரதிர்ஷ்டம், உள்ளே ஆடியது நோர்மனின் கை. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதே எங்கள் வாதம்.

எங்கள் வாழ்க்கையிலும் இரண்டும் உண்டு. ஜேர்மனிக்கு வந்த அகதி எந்த மாநிலத்துக்குப் போவது என்பதை, மாநிலங்களின் வரி வருமானத்தையும் சனத்தொகையையும் வைத்துக் கணக்கிடும் ஒரு பங்கீட்டு முறை தீர்மானிக்கிறது. அதில் எங்கள் திறமைக்கு வேலையில்லை. 1993 ஜூலை 1இல் தஞ்சச் சட்டம் மாறியது. பாதுகாப்பான அயல்நாட்டினூடாக வந்தவர் அரசியலமைப்பின் தஞ்ச உரிமையைக் கோரமுடியாது என்றார்கள். ஜேர்மனியைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாமே பாதுகாப்பானவை. ஒரே ஊரில் ஒரே ஷெல்லுக்கு ஓடிய இருவரில் முந்தி வந்தவர் கோட்டுக்கு இந்தப் பக்கம், பிந்தியவர் அந்தப் பக்கம்.

எங்களவர் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. "நாங்கள் உண்மையான பிரச்சினையில் வந்தனாங்கள், கஷ்டப்பட்டு உழைச்சனாங்கள். இப்ப வாறவங்கள் அப்படியில்லை." கதவு திறந்ததையும் உள்ளே ஆடியதையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்புகிற பேச்சு இது. உழைத்தது உண்மை. அந்த மரியாதையை யாரும் பறிக்கக்கூடாது. ஆனால் உழைக்க இடம் கிடைத்தது உழைப்பால் அல்ல. 2021 மார்ச் முடிவில் டுசல்டோர்வ் விமானநிலையத்திலிருந்து தமிழர்களை ஒரே விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் யார் எவ்வளவு உழைத்திருப்பார் என்று இனி யாரும் அளக்கமுடியாது. நோர்மனுக்கு அன்று இடம் கிடைக்காமல் போயிருந்தால், அவர் எட்பேர்க்கை வெல்லக்கூடியவர் என்பது அவருக்கே தெரியாமல் போயிருக்கும். பட்டியலில் அவர் தகுதிகாண் சுற்றில் தோற்றவர், அவ்வளவுதான்.

இதற்கு அண்ணையிடம் ஒரு பதில் இருக்கிறது. "தம்பி, இடம் 128தான். எல்லாரையும் விட்டால் போட்டியே நடக்காது." இது தட்டிக்கழிக்கக்கூடிய பதிலல்ல. எத்தனை பேருக்கு இடம் என்ற கேள்விக்கு எங்களிடம் கணக்கு இல்லை. ஆனால் இடம் இல்லை என்று சொல்வது வேறு, தகுதி இல்லை என்று சொல்வது வேறு. முன்னதை அரசாங்கம் சொல்லும், அதற்கு அதன் காரணங்கள் இருக்கும். பின்னதை, அதுவும் உள்ளே வந்து ஆடிக்கொண்டிருக்கிற நாங்கள், வாசலில் நிற்கிறவனைப் பார்த்துச் சொல்ல எந்த நியாயமும் இல்லை.