பரவசம்: ஒரு சொல் குறித்து

ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதி, அச்சுக்குப் போகுமுன் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். மூன்று இடங்களில் 'பரவசம்' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அவர் கேட்டார்: "அப்போது நீங்கள் யார் வசம் இருந்தீர்கள்?" பதில் சொல்ல முடியவில்லை. கவிதைகள் பிடித்திருந்தன, ஏன் என்று யோசிக்கச் சோம்பல், அந்த இடத்தை இச்சொல்லைப் போட்டு அடைத்திருந்தேன்.

பரவசம் என்றால் பிறர் வசப்படுதல். மனுஸ்மிருதியில் இது இன்பத்தைக் குறிக்கும் சொல் அல்ல. பரவசமானதெல்லாம் துக்கம், தன் வசமானதே சுகம் என்பது அதன் கட்சி. அதே வார்த்தை நம்மிடம் இன்பத்தின் உச்சத்துக்குப் பெயராகிவிட்டது. பிறர் என்பது கடவுளானபோது வசப்படுவதில் இழிவு இல்லாமல் போயிற்று. இன்று கச்சேரிக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் மதிப்புரைக்கும் இந்த ஒரே சொல்தான்.

இதில் ஒழுக்கப் பிரச்னை உண்டு. நான் ஒப்புக்கொள்ளாத ஒரு பேச்சுக்கு, கூட்டத்தோடு சேர்ந்து கை தட்டியிருக்கிறேன். தட்டியது நானல்ல என்று தப்பிக்க முடியாது. அப்போது உடம்பில் ஓடிய சிலிர்ப்பு, நல்ல கவிதை தரும் சிலிர்ப்பிலிருந்து வேறாக இருக்கவில்லை. சிலிர்ப்பை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அன்று தெரிந்தது.

அதற்காக வசப்படாமலே படிப்பதென்றால் அது படிப்பே அல்ல. வங்கியில் நகைக்கடன் பிரிவில் 'வசம்' எனக்குத் தினசரிச் சொல். நகை எங்கள் வசம். உடைமை அடகு வைத்தவளுடையது. மீட்க வருகிறவள் எடை பார்க்காமல், கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்க்காமல் வாங்கிப் போவதில்லை. கவிதைக்கு என்னைக் கொடுப்பது அடகாக இருக்கலாம். விற்பனையாக இருக்கக் கூடாது. ஒரு வித்தியாசம்: நகை மாறாமல் திரும்புகிறது, வாசகன் மாறித்தான் திரும்புகிறான். எது கூடியது, எது குறைந்தது என்று பார்த்துச் சொல்வதே விமர்சனம். நம்மாழ்வார் மும்முறை ஆறாறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்கிறது வைணவ மரபு. நமக்குத் திருவாய்மொழி கிடைத்தது அவர் எழுந்ததால்.

மதிப்புரையில் மூன்று இடங்களையும் அடித்தேன். இரண்டு இடங்களில் காரணம் எழுத முடிந்தது. மூன்றாவது கவிதையைப் பல நாள் படித்தும் முடியவில்லை. அங்கே அதே சொல்லைத் திரும்ப எழுதினேன். காரணம் தேடித் தோற்ற பிறகே அதை எழுத எனக்கு உரிமை வந்ததாக நினைக்கிறேன்.