விடை யாருக்கு உரியது?

மக்களவை கூடும் நாள்களில் கேள்வி நேரம் என ஒன்று உண்டு. உறுப்பினர் வினவுவார், அமைச்சரோ துணையமைச்சரோ எழுந்து விடையிறுப்பார். சாலை, கூலி, பள்ளிக்கூடம், வெள்ளம், குடியுரிமை எனப் பலதிறப்பட்ட குறைகள் அவர்முன் வந்து நிற்கும். அவர் கூறும் விடை யாருக்கு உரியது? வினவிய உறுப்பினருக்கா, அவருக்கு வாக்களித்தோருக்கா, அன்றி அக்குறையை உடையவர் எவராயினும் அவருக்கா? பகாங்கு மாநிலத்துக் கேமரன் மலை இவ்வினாவைக் கடுமையாகவே எழுப்பியிருக்கிறது.

1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம் முதலாக, அம்மலையின் தேயிலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தோர் தமிழ்த் தொழிலாளர். அத்தோட்டங்களை உள்ளடக்கிய கேமரன் மலைத் தொகுதியில், 2013 மே 5-இல் நிகழ்ந்த பொதுத்தேர்தலில் ஜி. பழனிவேல் 462 வாக்கு வேறுபாட்டில் வென்றார். இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சராகவும் பொறுப்பேற்றார். அமைச்சர் அவையில் வினவுதல் மரபன்று. விடையிறுக்கவே அவர் கடமைப்பட்டவர். ஆகவே, தொகுதியின் சுற்றுச்சூழற் குறையைக் கேட்க வேண்டியவரும் அதற்கு மறுமொழி கூற வேண்டியவரும் ஒருவரே என்னும் நிலை உண்டாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 23 விடியுமுன் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் வேலியில் சேறும் நீரும் வீடுகளுக்குள் பாய்ந்தன. உயிர்களும் போயின. மலைச்சரிவுகளில் காடழித்துக் காய்கறி பயிரிட்டதால் அரிக்கப்பட்ட மண், ஆண்டுக்கணக்கில் ரிங்லெட் ஏரியில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்திருந்தது. விடை கூறுவோரின் இடர் இங்கேதான் தொடங்குகிறது. சுற்றுச்சூழல் கூட்டரசு அமைச்சின் பொறுப்பு. நிலமோ அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மாநிலத்துக்கு உரியது. சரிவில் பயிரிட உரிமம் வழங்குவதும் மாநிலமே. அணை தெனாகா நேஷனல் நிறுவனத்தினுடையது. ‘நிலம் மாநில அரசின் விவகாரம்’ என்று ஓர் அமைச்சர் கூறின் அதில் பொய் இல்லை. ஆயினும், சேறு படிந்த அடுப்பங்கரையில் நிற்பவளுக்கு அது விடையாகுமா? விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிவர்: எழுதியதெல்லாம் சரியாக இருந்தும், கேட்டதற்கு விடை இல்லையேல் மதிப்பெண் இல்லை. தம் அதிகாரத்தின் எல்லையைக் காட்டுபவர், அதற்கு அப்பால் உள்ளவரிடம் தாம் என்ன கேட்டார், என்ன கிடைத்தது, எது மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து உரைக்க வேண்டாவா?

2004 முதல் 2018 வரை இத்தொகுதியின் உறுப்பினர்கள் ம.இ.கா. சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழர்களே. 2018-இன் முடிவைத் தேர்தல் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபின், 2019 சனவரி 26-இல் நிகழ்ந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி அவர். ‘நம் தொகுதி போயிற்றே’ என்று வருந்திய தமிழர் பலர். அவ்வருத்தத்தை எள்ளி நகையாடுவது முறையன்று; சிறுபான்மையோருக்கு அவையில் ஒலிக்கும் ஒரு குரலும் பெரிது. ஆனால், தேயிலை வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அக்காடுகளில் வாழ்ந்த பூர்வகுடிகள் அதே வருத்தத்தை எத்தனை தேர்தல்களில் விழுங்கியிருப்பர்! உறுப்பினர் தம் இனத்தாருக்கு மட்டுமே விடை சொல்லக் கடமைப்பட்டவர் எனின், அன்று அவர்களுக்கு ஆளில்லை. இன்று தோட்டத் தமிழருக்கு ஆளில்லை.

வாக்கே இல்லாதோர் நிலை இதனினும் கடிது. இக்காலத்தில் அச்சரிவுகளில் கொழுந்து எடுப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். வாக்கற்ற தேயிலைத் தொழிலாளியின் நிலை தமிழினம் அறியாததன்று. இலங்கை மலையகத் தமிழர் 1947-இல் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தபின், 1952-இல் அவர்களுக்காக எழுந்து வினவ அவ்வவையில் அவர்கள் தேர்ந்தெடுத்தவர் எவரும் இல்லை.

தீபகற்ப மலேசியாவில் 2013-இல் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் அயல்நாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கும் உரியது. வினவ இயலாதவருக்கும் அவை விடை தரக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆயினும், அந்தச் சம்பளத்தில் பிடித்தம் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று ஓர் உறுப்பினர் நாளை வினவுவாராயின், அவ்வினாவால் அவருக்கு ஒரு வாக்கும் சேரப்போவதில்லை.