கூதிர் காலத்துச் சிறு சந்தோஷங்கள்

ஐரோப்பிய தேசத்துக் கதைகளில் இலையுதிர் காலம் என்று ஒன்று வருகிறது. காடெல்லாம் பொன்னும் செம்புமாய் நிறம் மாறி, காற்றடித்தால் இலை சொரிகிறது. களஞ்சியம் நிறைந்த குடியானவன் கணப்பின் அருகே கால் நீட்டி உட்காருகிறான். நம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் அந்த மாதங்களில் இலை உதிர்வதில்லை. கோடையில் காய்ந்து கிடந்த வரப்புகூட அப்போதுதான் பச்சை பிடிக்கிறது. ஆயினும் அப்பருவத்துக்கு நேரான பருவம் நமக்கும் உண்டு. முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாய்ப் பகுத்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் என்றார்கள். வடகிழக்கு மழை இறங்குகிற காலம் அது. ஆண்டில் பெரும்பாலான நாள் வெறும் மணலாய்க் கிடக்கும் பெண்ணையாற்றில் தண்ணீர் ஓடக் காண்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

இந்தப் பருவத்துச் சந்தோஷங்கள் எல்லாம் சிறியவை. காசு அதிகம் கேளாதவை. உப்புப் போட்டு அவித்த மல்லாட்டையைச் சூடு ஆறுமுன் உரித்துத் தின்பது. வெல்லம் தட்டிப்போட்ட சுக்குக் காப்பி. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்று காலையில் சேதி வந்ததும் பிள்ளைகள் மறுபடியும் போர்வைக்குள் புகுந்துகொள்வது. பெண்கள் தலையில் வாசனையில்லாத அந்த ஊதா நிற டிசம்பர்ப் பூ. பாட்டிமார் தலையில் முக்காடு, தாத்தாமார் காதைச் சுற்றி மப்ளர். கார்த்திகை இரவில் மாவலி சுற்றுகிறார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைக்கு நடுவே கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றால் சுற்றினால், பொறிகள் வட்டமாய்ச் சிதறும். பத்து வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய காட்சி பூமியில் இல்லை. மின்சாரம் போய்விட்ட இரவையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் இருந்த குடும்பம், வேறு வழியின்றி ஒரே விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, தாத்தாவின் பழங்கதையை ஏழாவது தடவை கேட்கிறது.

பிரிய வாசகரே, இவையெல்லாம் ஓர் ஆத்துமத்துக்கு என்ன பெறும்? பக்தியுள்ளவர் சிலருக்கு இது மெய்யான சந்தேகமாகவே இருக்கிறது. ஒறுத்தலைப் பற்றிப் பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறோம்; சந்தோஷப்படுவதைப் பற்றிக் கேட்டது கொஞ்சம். ஆகையால் வாய்க்கு ருசியாய் ஏதேனும் தின்றுவிட்டு, திருடித் தின்றதுபோல் கூசுகிறவர்கள் நம்மில் உண்டு. இதிலும் கூர்மையான சந்தேகம் வேறொன்று. அதே மழைதான் என் வீட்டுத் திண்ணையில் எனக்கு இன்பமாய் விழுகிறது. இரண்டு தெரு தள்ளி ஒருவன் மண்சுவரைக் கரைத்துக்கொண்டும் விழுகிறது. அதை அறிந்த பிறகும் நான் இந்தச் சுக்குக் காப்பியை ரசித்துக் குடிக்கலாமா?

முதல் சந்தேகத்துக்குத் திருச்சபையின் பெரிய வேதசாஸ்திரியே பதில் சொல்லியிருக்கிறார். 1274-ல் மரித்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தம் வேதசாஸ்திரப் பெருநூலில், துக்கத்தைத் தணிப்பவை எவை என்று விசாரிக்கிறார். இன்பம், கண்ணீர், சிநேகிதரின் அனுதாபம், சத்தியத்தைத் தியானித்தல் என்று வரிசையாய்ச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் நித்திரையையும் குளியலையும் சேர்க்கிறார்! சரீரம் சாந்தப்பட்டால் மனமும் சாந்தப்படும் என்பது அவர் நியாயம். அர்ச். அகுஸ்தீனார் 387-ல் தம் தாயார் மோனிக்கம்மாளை அடக்கம் செய்த நாளில், குளித்தால் மனப்பாரம் குறையும் என்று கேள்விப்பட்டுக் குளித்தார், குறையவில்லை, பிறகு உறங்கி எழுந்தபோதுதான் துக்கம் இளகியிருக்கக் கண்டார். தோமாஸ் இதையும் எடுத்துக் காட்டுகிறார். (நம் ஊர் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்ததும் அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில்தான் என்பர். இவர் இருக்குமிடம் அவருக்குத் தெரியாது. அவர் இருக்குமிடம் இவருக்குத் தெரியாது. ஆனால் நல்ல எண்ணெய்க் குளியலுக்குப் பின் வருகிற தூக்கத்தைப் பற்றி இருவருக்கும் வழக்கிருந்திராது.) இன்னோர் இடத்தில் அதே தோமாஸ், தானும் சிரியாமல், பிறர் சிரிப்பதையும் பொறாமல், எல்லாருக்கும் பாரமாய் இருக்கிறவனிடத்தில் குற்றம் உண்டு என்று தயக்கமின்றி எழுதுகிறார். வீட்டில் ஒருவர் அப்படி இருந்தால் மற்றவர்கள் படும் பாடு நமக்குத் தெரியாததா?

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1609-ல் வெளிவந்த பக்தி வாழ்வுக்கான தம் நூலில் அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார், பக்தியுள்ளவர்கள் கூட்டத்தில் எல்லாரிலும் சீராய் உடுத்தியிருக்கவேண்டும், எல்லாரிலும் குறைவாய்ப் பகட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். வெளுத்து மடித்த பழைய கதர்ச் சட்டை, ஈரம் உலர்த்தி வைத்த குடை, தலையில் ஒரு முழம் பூ. இவற்றில் பாவம் தேடுகிறவன் வேலையற்றவன். ஐப்பசி மழையில் சேறு தெறித்த வேட்டியோடு பூசைக்கு வருகிறவரைக் குறைத்துப் பேசுவோருக்கு மட்டும் சலேசியாரின் பாதி வாக்கியம்தான் நினைவிருக்கிறது.

இரண்டாம் சந்தேகம் இவ்வளவு எளிதில் தீராது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ம் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. மணலாய்க் கிடந்த ஆறு கரை தெரியாமல் வந்தது. அரசூரில் நெடுஞ்சாலையின்மேல் வெள்ளம் ஓடி, சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற வண்டிகள் நின்றன. நம் வட்டாரத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் நெல்லையும் துணியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் ஒன்றாய்ச் சேறாக்கிற்று. கார்த்திகைத் தீபத்துக்கும் நத்தார்த் திருநாளுக்கும் சில நாட்களே இருந்த சமயம் அது. அப்படிப்பட்ட நாட்களில், வெள்ளம் புகாத மேட்டுத்தெருவில் இருக்கிற குடும்பத் தாய் ஒருத்தி, பிள்ளைகளுக்கு அதிரசம் சுடலாமா கூடாதா என்று கேட்டால், அது சில்லறைக் கேள்வி அல்ல.

கூடாது என்பதே பக்தியான பதில்போல் தோன்றும். ஆனால் அவள் அடுப்பை அணைப்பதால் பள்ளத்தெருவில் யாருடைய சுவர் உலர்கிறது? கூச்சம் தனியே ஒரு தர்மம் அல்ல. பல சமயங்களில் அது தர்மத்துக்குப் பதிலாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் வருத்தப்பட்டேன், பண்டம் தொடவில்லை, ஆகையால் என் கடன் தீர்ந்தது என்று மனம் கணக்கை முடித்துவிடும். அதேபோல், ஜன்னலை இறுக மூடிக்கொண்டு, வெளிச்சத்தம் காதில் விழாதபடி தின்பதும் பதில் அல்ல. அயலானை அறியாதிருந்தால்தான் அனுபவிக்கமுடியும் என்கிற சந்தோஷம் எதுவோ, அது நோய்ப்பட்ட சந்தோஷம்.

பழந்தமிழ்ப் பாட்டான நெடுநல்வாடை இந்தக் கூதிர் காலத்தையே களமாய்க் கொண்டது. நக்கீரர் அதில் முதலில் காட்டுவது அரண்மனையை அன்று. வெள்ளத்துக்குப் பயந்து மந்தையை மேட்டுக்கு ஓட்டிவந்து, நெருப்பில் கை காய்த்தும் குளிர் போகாமல் நடுங்குகிற இடையர்களைக் காட்டுகிறார். பிறகுதான் மாளிகை, கட்டில், அரசி. ஆனால் அரசன் அந்த மாளிகையில் இல்லை. நள்ளிரவு வாடையில், பாசறையில், சில பேரை மாத்திரம் உடன் அழைத்துக்கொண்டு, காயப்பட்ட வீரர்களை ஒவ்வொருவராய்ப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். மாளிகை தப்பு என்று நக்கீரர் எங்கும் சொல்லவில்லை. அதை ஆசையோடு அல்லவா வர்ணிக்கிறார்! ஒரே குளிருக்குள் மூன்று இடத்தையும் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஐரோப்பாவின் இலையுதிர் காலத்திலும் இதற்கு நேரான திருநாள் ஒன்று இருக்கிறது. நவம்பர் 11, அர்ச். மார்த்தீனார் திருநாள். அன்று வாத்துக் கறி சமைத்து, புதுத் திராட்சரசம் திறந்து, பிள்ளைகள் விளக்கேந்தித் தெருவில் போவது பல தேசங்களில் வழக்கம். அந்தக் கொண்டாட்டத்துக்கு உரியவரோ, ஆமியேன் நகர வாசலில் குளிரில் நடுங்கின பிச்சைக்காரனுக்குத் தம் போர்வையை வாளால் இரண்டாய் வெட்டிப் பாதி கொடுத்த போர்ச்சேவகர். இதைப் பிரசங்கிக்கிறவர்கள் கொடுத்த பாதியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வைத்துக்கொண்ட பாதியும் முக்கியமாய்ப் படுகிறது. அவர் குளிரில் விறைத்துப்போய்ப் பிச்சைக்காரனுக்குத் துணை நிற்கவில்லை. இரண்டு பேரும் பாதிப் பாதி சூடானார்கள். அதைவிட முக்கியம், இரண்டு பாதியும் ஒரே துணி. பெட்டியடியில் கிடந்த கிழிசலைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, நல்லதைத் தாம் போர்த்திக்கொண்டு போனவர் அல்ல அவர்.

நாம் வெள்ளத்தில் அகப்பட்டவர்களுக்கென்று மூட்டை கட்டும்போது என்ன செய்கிறோம்? பொத்தான் இல்லாத சட்டை, சாயம் போன புடவை, நாமே தொடமாட்டாத பண்டம். இல்லாதவனுக்கு எதுவானால் என்ன என்கிறோம். அந்தத் தாய் அதிரசம் சுடட்டும். தன் பிள்ளைகள் தின்கிற அதே அதிரசம், அதே நாளில், கமகமவென்று இருக்கும்போதே பள்ளத்தெருவுக்கும் போகட்டும். அதோடு ஒரு பாய், ஒரு படி அரிசி, சேறு வாரிவிட இரண்டு கை. சடையப்ப வள்ளல் இவ்வூரில் பெரிய செல்வராய் இருந்தவர். அவர் நன்றாக உண்டார், உடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கம்பர் தம் இராமாயணத்தில் அவரை நினைவுகூர்ந்தது அவர் பட்டினி கிடந்ததற்காக அன்று.

அந்தப் போர்வையின் கணக்கை வீட்டு வாசலுக்கு வெளியே மாத்திரம் வைத்துக்கொண்டால் போதாது. மழை நாளில் சூடாய் வடை வேண்டும் என்று சொல்லுகிறவர் யார்? சாய்வு நாற்காலியில் இருக்கிறவர். ஈரக்காற்றில் எரிவாயு அடுப்பு அணைய அணையப் பற்றவைத்துக்கொண்டு, எண்ணெய்ச் சட்டிக்கு எதிரில் நிற்கிறவர் வேறொருவர். பிள்ளைகள் தின்று, அவர்கள் தகப்பனார் தின்று, மாமியார் தின்று, வந்த விருந்தாளியும் தின்றபின், உடைந்துபோன கடைசி வடை ஆறிப்போய் அவளுக்கு வருகிறது. எல்லாரும் சேர்ந்து மழையை ரசித்தோம் என்று நாம் சொல்லுகிறோம். அவள் மழையைப் பார்த்ததே கொடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினபோதுதான். குடும்ப சந்தோஷம் என்று நாம் பெயரிட்டதில் பெரும்பகுதி ஒருத்தியின் களைப்பு. அவள் குறை சொல்லாதது அவளுடைய புண்ணியமாய் இருக்கலாம், நம்முடையது ஆகாது.

அடுத்த கூதிரில் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதும், வீட்டுக்காரர் எழுந்து சுக்கை இடிக்கட்டும். சுக்கு அதிகமாய்ப் போய்த் தொண்டை எரியும். வெல்லம் வடிகட்டாமல் மண் நறநறக்கும். பாதகமில்லை. திண்ணையில் மழை தெரிகிற இடமாய்ப் பார்த்து அவளை உட்காரவைத்து, முதல் தம்ளரை, ஆவி பறக்கிற தம்ளரை, அவள் கையில் கொடுக்கட்டும். அவள் ஒரு வாய் குடிப்பாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்து, அந்தப் பாத்திரத்திலா போட்டீர்கள், அது பால் பாத்திரமாயிற்றே என்பாள், ஆனால் எழுந்திருக்கமாட்டாள்.