சிவலோகமா, வைகுண்டமா, இயற்கையா?

உசிலம்பட்டியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற கடை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் தலையைத் தூக்காமலே கேட்டான்: “சிவலோகமா, வைகுண்டமா, இயற்கையாண்ணே?”

என் அயித்தை இறந்த அன்று காலை ஏழு மணி. புரோட்டாக் கடையில் சால்னாவா, குருமாவா என்று கேட்கிற அதே தொனி. தப்பில்லை, அவனுக்கு அது தொழில். மூன்றுக்கும் தயாராக வைத்திருந்தான். சிவலோக பதவி என்றால் உச்சியில் லிங்கம். வைகுண்ட பதவி என்றால் நாமம். இயற்கை எய்தினார் என்றால் படம் கிடையாது, வேண்டுமானால் கட்சிக்கொடி. கர்த்தருக்குள் நித்திரை அடைந்தவர்களுக்குத் தனியாக ஒரு சிலுவை.

எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. முப்பது வருசத்துக்கு முன்னால் ஏறக்குறைய இதே கேள்வியை அந்த அயித்தையிடமே கேட்டு, அவள் சொன்ன பதில் விளங்காமல் நோட்டை மூடிக்கொண்டு வந்தவன் நான்.

அப்போது மதுரையில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நாட்டுப்புறப் பாடல்கள் சேகரித்து வரச் சொல்லியிருந்தார்கள். அயித்தை பக்கத்து ஊர்களில் கேதம் என்றால் ஆள்விட்டுக் கூப்பிடுகிற அளவுக்கு ஒப்புச் சொல்லத் தெரிந்தவள். கேதமில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி சொல்லக் கூடாது என்று என்னைத் தோட்டத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். மாமா செத்தபோது தான் அழுத பாட்டைத் திரும்பச் சொன்னாள். அங்கும் இரண்டாம் பாட்டில் குரல் உடைந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள்.

நான் நோட்டில் கட்டம் போட்டிருந்தேன். சைவப் படிமம் ஒரு பக்கம், வைணவப் படிமம் ஒரு பக்கம், யமலோகம் கடைசியில். மாமா முதலில் தங்கத்தேர் ஏறிக் கைலாசம் போனார். அடுத்த அடியில் வெள்ளித்தேர் ஏறி வைகுண்டம் போனார். அதற்கடுத்து எமதர்மனின் கச்சேரியில் நின்று கணக்குக் கேட்டார். ஒரே ஆள் மூன்று இடத்தில். ஓரத்தில் ‘முரண்’ என்று எழுதிச் சிவப்பு மையில் கோடும் இழுத்தேன். பேராசிரியர் அதற்கு மார்க் போட்டார்.

“ஏன் அயித்த, மாமா கைலாசத்துக்குப் போனாரா, வைகுண்டத்துக்குப் போனாரா?”

“எந்தக் கதவு தொறந்திருக்கோ யாரு கண்டா மருமகனே? எல்லாக் கதவையும் தட்டி வச்சேன்.”

நான் சிரித்தேன். அதில் பாதி பகடி, பாதி தொழில் நுட்பம் என்பது பிற்பாடுதான் புரிந்தது. ஒப்பாரி பெரும்பாலும் இரட்டை இரட்டையாக நடக்கும். ஒரு பாட்டைச் சொன்னால், ஒன்றிரண்டு சொல்லை மட்டும் மாற்றி அதற்கு ஒரு ஜோடி சொல்ல வேண்டும். முதலில் தங்கம் வந்தால் ஜோடியில் வெள்ளி. முதலில் மல்லிகை என்றால் அடுத்தது பிச்சி. அந்த வழியாகத்தான் சிவலோகத்துக்கு ஜோடியாக வைகுண்டம் வந்து நிற்கிறது. சைவரும் வைணவரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடித் தீராததை எங்கள் ஊர்க் கிழவிகள் ராகத்துக்காகத் தீர்த்து வைத்துவிட்டார்கள்.

ஆனால் தேர்? அது ஏன் ஒவ்வொரு முறையும் வருகிறது? அதையும் கேட்டேன்.

“உங்க மாமா வண்டியேறாத மனுசன்டா. மாட்டைப் பத்திக்கிட்டு வாடிப்பட்டிச் சந்தைக்கும் நடை, திரும்பி வரையிலயும் நடை. பஸ்சுல ஏறுனா காசுன்னு நடப்பாரு. அங்கிட்டாச்சும் உக்காந்து போகட்டும்னுதேன்.”

அமெரிக்காவில் எமிலி டிக்கின்சன் என்றொரு கவி. பின்னாளில் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராமலே இருந்தவர், 1886-இல் இறந்தார். நான்கு ஆண்டு கழித்து அச்சேறிய அவருடைய பாட்டு ஒன்றில் மரணம் மரியாதை தெரிந்த வண்டிக்காரனாக வாசலுக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறது. வண்டியில் அமரத்துவம் கூட உட்கார்ந்து வருகிறது. அதைப் படித்தபோது எனக்கு வாடிப்பட்டிச் சாலைதான் ஞாபகம் வந்தது. நடந்தே தேய்ந்தவருக்கும், நடையே இறங்காதவருக்கும் மறுமை ஒரு வண்டியாக வருகிறது.

இன்னொரு கேதத்தில் அயித்தை சொன்ன ஒப்பும் நினைவிருக்கிறது. மாமாவின் பங்காளி ஒருவர். வரப்பை நகர்த்தி நகர்த்தி எங்கள் மாமா நிலத்தில் ஒரு சால் அகலம் தின்றவர் என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கும் தேர் கட்டினாள், பந்தல் போட்டாள், சொர்க்க வாசல்வரை கொண்டுபோனாள். அங்கே காவல்காரனை நிறுத்தி, வந்தவரின் எல்லைக்கல் எங்கே என்று கேட்க வைத்தாள். பாட்டு அத்தோடு நின்றது. அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் முந்தானைக்குள் சிரித்ததை நானே பார்த்தேன்.

“வாசல்வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டேன். உள்ள போறது அவுக பாடு.”

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒன்று உண்டு. ஒரு பாட்டில் சொர்க்கம் வந்தால், அது யாருடைய சொர்க்கம் என்று கேட்பதற்கு முன், பாடுகிறவர் யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். மாமாவுக்கு உட்கார்ந்து போக ஒரு வண்டி பாக்கி. பங்காளிக்கு ஒரு விசாரணை பாக்கி. மறுமைப் படிமங்களில் பாதியை இந்தச் சாவியே திறந்துவிடும்.

எல்லாவற்றையும் திறக்காது. சில வருசம் நான் இந்தச் சாவியைக் கண்ட பூட்டிலெல்லாம் போட்டுத் திருகிக்கொண்டு திரிந்தேன். திருவாய்மொழியின் பத்தாம் பத்தில், ஒன்பதாம் திருவாய்மொழியில், அடியார்கள் வைகுண்டம் போகிற வழியை நம்மாழ்வார் பாடுகிறார். மேகம் முரசடிக்கிறது, கடல் அலைக்கையை எடுத்து ஆடுகிறது, வழியெல்லாம் தேவர்கள் தங்குமிடம் அமைத்துக் காத்திருக்கிறார்கள், கடைசியில் பெண்கள் நிறைகுடமும் விளக்கும் ஏந்தி எதிர்கொள்கிறார்கள். நிறைகுடமும் விளக்கும் நம் வீட்டுக் கல்யாண வாசலில் இருப்பவை. இங்கும் மண்ணிலிருந்து எடுத்த சரக்குதான். ஆனால் இதை ஏதோ ஒரு குறையை ஈடுகட்டும் பாட்டு என்று சொன்னால் அது என் குருட்டுத்தனம். அவர் போய்ச் சேர்ந்தவரின் நிச்சயத்தோடு பேசுகிறார். இராப்பத்தின் கடைசி நாளில் நம்மாழ்வார் மோட்சம் நடத்துகிற பெருமாள் கோயிலில் நின்று பார்த்தால் அந்த நிச்சயம் நம்பாதவன் மேலும் கொஞ்சம் தெறிக்கும். என் மேல் தெறித்தது. அதற்கு மேல் நான் உரிமை கொண்டாட முடியாது.

கோப்பெருஞ்சோழன் வேறு ஜாதி. வடக்கிருந்து உயிர்விடப் போகிறவன், புறநானூறு 214-ஆம் பாட்டில், மறுமையைப் பற்றி ஒரு வியாபாரியைப் போல மூன்று நிலையில் கணக்குப் போடுகிறான். நல்லது செய்தால் மேலுலகத்து இன்பம் கிடைக்கலாம். இன்பம் இல்லாவிட்டாலும் மறுபிறவி இல்லாமல் போகலாம். அதுவும் இல்லையென்றால்கூட, பழியில்லாத உடம்போடு புகழை நட்டுவிட்டுச் சாவது மிக நல்லது. சாவு பக்கத்தில் இருக்கும்போது ‘லாம்’ போட்டுப் பேசுகிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அவன் பக்கத்தில் உட்கார்ந்து உயிர்விட வந்தவர் எங்கள் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஊர்ப்பெருமையும் உண்டு.

எங்களுக்கு மேற்கே, ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக்கரைப் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். 2000 ஆண்டுக்கு மேல் பழசு. ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: பேடு என்ற ஊர், தீயன் அந்தவன் என்ற பெயர், கூடலூரில் நடந்த ஆகோள், அதாவது மாடு கவர்கிற சண்டை. சொர்க்கம் என்று ஒரு சொல் இல்லை. கன்னட நாட்டுப் பிற்கால நடுகற்களில் மேலடுக்கில் தேவமகளிர் வீரனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். புலிமான்கோம்பைக் கல் ஆளை ஊரோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு அந்தக் கல் பிடிக்கும்.

சொர்க்கக் கணக்கில் ஒரு மோசமான பக்கமும் இருக்கிறது. அதை எங்கள் ஊர்க்காரன் சொல்லாமல் விட்டால் யோக்கியம் இல்லை. ‘புத்’ என்னும் நரகத்திலிருந்து கரையேற்றுகிறவன் புத்திரன் என்று மனுநூல் சொல்கிறது. எங்கள் பக்கம் அந்த நரகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. கொள்ளிக்கு ஓர் ஆம்பளைப் பிள்ளை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்சிசுக் கொலைக்காக 1986-இல் ஆங்கிலப் பத்திரிகையின் அட்டைவரை ஏறியது உசிலம்பட்டிப் பெயர். 1994-இல் பாரதிராஜா அதை வைத்து ‘கருத்தம்மா’ படம் எடுத்தார். வரதட்சணையும் செய்முறைச் செலவும்தான் அந்தக் கொலைகளுக்குப் பெரிய காரணங்கள். கொள்ளியை நான் அவற்றுக்கு மேலே வைக்க மாட்டேன். ஆனால் ஒரு தாய் மனசு உடைகிற நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எடுத்துக் கொடுக்கிற வாசகமாக அது இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் ஒப்புச் சொல்லவில்லை. தேரும் இல்லை, வெள்ளியும் இல்லை.

அயித்தைக்கு மூன்றும் பெண். மூன்றாவதும் பெண் என்று தெரிந்த அன்று வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று அவள் எனக்குச் சொன்னதில்லை. “உனக்குக் கொள்ளி போட ஆளில்லடி” என்று ஊரில் சொன்னதை மட்டும் சொல்லியிருக்கிறாள். “கொள்ளி போட ஆளிருந்து ஒப்புச் சொல்ல ஆளில்லைனா, போறவ எப்படி வழி கண்டுபிடிப்பா?” என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். வழியைச் சொல்லிக் கொடுப்பது பெண்களின் பாட்டு, நெருப்பு வெறும் நெருப்பு என்பது அவள் சமயம். இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று நான் தேடவில்லை.

பையன் மறுபடி கேட்டான். “அண்ணே, எதைப் போட?”

பெரிய மகளுக்குப் போன் அடித்தேன். பின்னால் கொட்டுச் சத்தமும், அதை மீறி யாரோ ஒப்பு எடுக்கிற சத்தமும். விசயத்தைச் சொன்னேன்.

“ஒண்ணை மட்டும் போட்டா ஒப்பு நிக்குமா மாமா? ரெண்டையும் போடச் சொல்லுங்க.”

இப்படி ஒரு போஸ்டர் அடித்ததே இல்லை என்றான் பையன். பிறகு இடப்பக்கம் லிங்கத்தையும் வலப்பக்கம் நாமத்தையும் வைத்தான். ‘மகன்கள்’ என்றிருந்த இடத்தை அழித்துவிட்டு மூன்று பெண்களின் பெயரையும் அடித்தான். நாற்பது போஸ்டர். பதினோரு மணிக்குள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியாகிவிட்டது.