பட்டறிவு எது?

அறிஞரைக் கேட்பதினும் பட்டறிந்தவரைக் கேட்பதே மேல் என்னும் கருத்துடைய பழமொழி ஒன்று அரபு மக்களிடையே வழங்கி வருகிறது. நம் ஊர்களிலும் இதனை மறுப்பார் இலர். ஆயினும், பட்டவர் அனைவரும் அறிந்தவர்தாமா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது பாலவனத்தத்தில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியாகும்.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஊர் அது என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவர். அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையே, மழை குறைந்த காட்டுப் பகுதியில் அமைந்தது. அங்கே இரவில் களத்துத் தரையில் படுத்துறங்கிய உழவர் ஒருவர், விடியற்காலையில் வயிற்றுவலியால் துடித்தெழுந்தார். உடலில் காயம் ஏதும் இல்லை. நூறு பாம்புக்கடி பார்த்தவர் என்று பெயர் பெற்ற முதியவர் ஒருவர், "இது வாயு; சுக்குக் கஷாயம் கொடுங்கள்" என்றார்.

108 ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளரோ உழவரின் கண்களையே உற்று நோக்கினார். இமைகள் சரிந்திருந்தன. கட்டுவிரியன் கடித்தால் வலியும் தடமும் பெரும்பாலும் தெரியா, வயிற்றுவலி முந்தும், பின்னர் இமை சரியும், இறுதியில் மூச்சு தடைப்படும். "அப்படியானால் காலை இறுகக் கட்டுங்கள்" என்றார் முதியவர். உதவியாளர் பணிவாக மறுத்து, உழவரை நடக்கவிடாது படுக்கவைத்து ஏற்றிச் சென்றார். விஷமுறிவு மருந்து உரிய நேரத்தில் கிடைத்தது, உழவர் பிழைத்தார்.

முதியவரை நாம் குறை கூறவில்லை. அவர் கண்டவை மெய்யே. ஆனால் கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சில வேளை விஷத்தைச் செலுத்தாமலே கடித்துவிடுகிறது. எனவே கட்டினாலும் கட்டாவிட்டாலும் பலர் பிழைத்திருப்பர். அவர் கணக்கிலோ, பிழைத்தவர் கட்டினால் பிழைத்தார். இறந்தவர் விதியால் இறந்தார். இவ்வாறு கணக்கிடுவோர்க்கு ஆயிரம் கடிகளும் எதனையும் கற்பிக்கமாட்டா.

ஆம்புலன்ஸ் பணியிலும் இவ்விபத்து உண்டு. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய இச்சேவையில், உதவியாளர் நோயாளியை மருத்துவமனை வாயிலில் ஒப்படைத்தவுடன் அடுத்த அழைப்புக்கு விரைய வேண்டும். தாம் நினைத்தது சரியா, தவறா என்பதை எவரும் அவருக்குச் சொல்வதில்லை. பத்தாண்டுப் பணியும் ஒரே தவற்றின் பத்தாண்டாகிவிடக் கூடும்.

இதனை அவரிடமே பிறிதொரு நாள் கேட்டோம். சற்று மௌனமாயிருந்துவிட்டு, "ஐயா, முதலாண்டில் இதே வலியை நானும் வாயு என்றே எண்ணினேன். மறுநாள் வார்டுக்குச் சென்று விசாரித்தேன். அவர் இறந்துவிட்டார். அன்று முதல் இமையைப் பாராமல் இருப்பதில்லை" என்றார்.

அவர் அனுபவசாலியானது அந்த வார்டு வாயிலிலேதான் என்று நாம் கருதுகிறோம். கேளாமல் இருந்திருந்தால் மனம் நிம்மதியாக இருந்திருக்கும், கண் திறந்திராது.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மருத்துவ மேதை அர்ராஸீ, மூளைக்காய்ச்சல் கண்ட ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றி, மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டு, விளைவை ஒப்பிட்டதாக அவர்தம் குறிப்புகளைத் தொகுத்த 'அல்ஹாவீ' காட்டுகிறது. இரத்தம் வெளியேற்றுதல் பயன் தரும் என்ற அவருடைய முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும், 'இதனைச் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று அவர் கேட்ட கேள்வி பெரிது. தன்னைத்தானே கணக்குக் கேட்பதை நம் முன்னோர் 'முஹாஸபா' என்றனர். பட்டதற்கும் அறிவுக்கும் இடையே நிற்பது அக்கணக்கே.

முப்பதாண்டுகள் ஓதிக் கொடுத்தோம் என்று நாமும் பெருமை கொள்கிறோம். பாதியில் நின்றுவிட்ட மாணவர் ஏன் நின்றார் என்று அவர் வீடு தேடிச் சென்று கேட்டது எத்தனை முறை? விரல்விட்டு எண்ணிவிடலாம். தந்தையர்க்கும் வணிகர்க்கும் இதே கேள்வி உண்டு. இனியேனும் கேட்போமாக.